வெடித்த திரைக்கு ஓர் அறிக்கை

2024 ஆம் ஆண்டு ஜூலை 13, சனிக்கிழமை. நோட்டன் பிரிட்ஜில் விடியற்காலை முதல் தூறல்; எட்டு மணிக்கும் எதிர்வீட்டுக் கூரை தென்படாத அளவுக்குப் பனிமூட்டம். அன்றுதான், என் மனைவி ஜீவராணியை ஒரு வாதத்திலேனும் வென்றே தீர்வது என உறுதிபூண்டேன். முப்பத்தெட்டு ஆண்டு இல்லறத்தில் இது முதல் உறுதியன்று. ஆனால் இம்முறை எனக்கு வேறு வழியில்லை.

மகள் கொழும்பிலிருந்து அனுப்பிய மடிக்கணினி எங்கள் இருவருக்கும் பொது. நான் கற்பித்து ஓய்வுபெற்ற பாடசாலையின் நூற்றாண்டு மலருக்கு அதில் வரலாறு எழுதுகிறேன். ஜீவராணி ஞாயிறுதோறும் அதில் இணையவழித் தையல் வகுப்பு நடத்துகிறாள். சச்சரவைத் தவிர்க்க ஓர் ஒப்பந்தம் வரைந்தேன்: கணினிக்கு எவர் சேதம் விளைவிக்கிறாரோ, அவர் அதைத் தொடும் உரிமையை இழப்பார். சேதம் விளைவிப்பவள் அவளாகவே இருப்பாள் என்று கருதியே எழுதினேன். இருவரும் ஒப்பமிட்டோம்.

அந்தச் சனிக்கிழமை மூடியைத் திறந்தேன். திரையின் நடுவே மை கொட்டினாற்போல ஒரு திட்டு. சுற்றிலும் வண்ணக் கோடுகள். விசைப்பலகையின் மேல் என் சிவப்புப் பேனா படுத்திருந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள், மாணவர் பெயர் கூப்பிடும் வரவு இடாப்பை அடையாளத்துக்குப் பேனா வைத்தே மூடிய கை இது. முந்திய நாள் கணினியையும் அப்படியே மூடி, போதாதென்று அழுத்தியும் இருக்கிறது.

பேனாவைச் சட்டைப்பைக்குள் இட்டேன். பிறகே ஜீவராணியை அழைத்தேன்.

“பனி உட்புகுந்துவிட்டது,” என்றேன்.

“பனியா? நம்ம ஊர்ல பனி இல்லாத நாள் எதுங்க? இவ்வளவு நாளும் வாசல்ல நின்னு யோசிச்சிட்டு, நேத்துதான் உள்ள வந்துச்சா?”

“இயற்கையின் போக்கை நாம் வினவ இயலாது.”

“நான் உங்களத்தான் கேக்கிறேன். சரி, என்ன காரணம்னு கடைக்காரர் எழுத்துல தரட்டும். ஒப்பந்தமும் எழுத்துலதானே இருக்கு.”

ஹட்டனில் கணினி திருத்தும் கிஷாந்த் என் பழைய மாணவன். கணினியைக் குழந்தையைப்போல் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். அவன் வேறொரு திரையைக் கணினியில் இணைத்தான். என் வரலாறு அதில் பளிச்சென்று தோன்றியது.

“உள்ளுக்கு ஒன்னும் ஆகல சார். மூடிய அசைக்கிறப்ப படம் வந்து வந்து போனா கேபிள் லூஸ். இறுக்கி மாட்டினாச் சரி. டோர்ச் அடிச்சா மங்கலாத் தெரியுதுன்னா, பின்னால உள்ள லைட் போயிருச்சு. இது ரெண்டும் இல்ல. ஒரே எடத்துலேருந்து வெடிச்சிருக்கு. உள்ள எதையோ வச்சு மூடியிருக்கீங்க.”

“ஈரம் காரணமாக இருக்க இயலாதா?”

“ஈரம்னா ஓரத்துலேருந்து கறை வரும் சார். இது பேனா சைஸ்ல இருக்கு.” அவன் பார்வை என் சட்டைப்பையில் வந்து நின்றது.

“ஒட்ட முடியுமா?”

“முடியாது சார். ஸ்கிரீன மாத்தணும். புதுசு கொழும்புலேருந்து வர ரெண்டு வாரமாகும். செத்த லெப்டொப் ஒன்னுலேருந்து கழட்டிப் போட்டா புதன்கிழமை தரலாம்.”

“போடு. கூடவே ஓர் அறிக்கையும் வேண்டும். எழுது: ‘நோட்டன் பிரிட்ஜ் ஈரப்பதம் மிகுந்த இடம். ஈரம் கணினித் திரைக்குத் தீங்கானது.’”

“ஆனா சார், இது வெடிச்சதுக்கு…”

“நான் சொன்ன இரண்டில் எது பொய்?”

“ரெண்டும் உண்மைதான் சார்.”

“அப்படியானால் முத்திரை குத்து.”

“டைப் பண்ணி வைக்கிறேன் சார்.”

புதன்கிழமை திரை பளபளத்தது. அறிக்கை ஒட்டிய உறையில் இருந்தது. ஐயத்திற்கு இடமிருக்கலாகாது என்று, பிரிக்காமலே ஜீவராணியிடம் நீட்டினேன். அவள் உரக்க வாசித்தாள். என் இரு வாக்கியங்களும் கம்பீரமாக வெளிவந்தன.

“நான்தாங்க உங்களத் தப்பா நெனச்சிட்டேன்,” என்றாள்.

முப்பத்தெட்டு ஆண்டுகளில் நான் கேட்டறியாத வாக்கியம். நிமிர்ந்து நின்றேன். எங்கள் வீட்டுக் கூரை எவ்வளவு தாழ்வானது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

“இன்னும் ஒரு வரி இருக்குங்க. ‘ஆகையால் இதனை வீட்டிலேயே வெதுவெதுப்பான அறையில் வைத்துப் பயன்படுத்தவும்.’ நம்ம வீட்டுல அது அடுப்படிதானே?”

“அந்த வரியை நான்…” என்று தொடங்கி, “முழுமனத்துடன் ஏற்கிறேன்,” என்று முடித்தேன். “எனினும், அடுப்படியில் ஆவி பறக்குமே?”

“பானைக்கு மூடி போட்டுப் பாத்துக்கிட்டா பறக்காது. நீங்கதான் அங்கேயே இருப்பீங்களே.”

அதன் பின் நடந்தது இவ்வளவே. கணினி அடுப்படி மேசைக்குப் போனது. திரை இன்றுவரை பழுதின்றி இருக்கிறது. மலரின் மூன்றாம் அத்தியாயம் முடிவதற்குள், பருப்பு வேகும் நேரமும் ரொட்டி திருப்பும் பக்குவமும் எனக்குப் பிடிபட்டன. ஞாயிறு வகுப்பின்போது, பின்னால் நான் வெங்காயம் உரிப்பதை நான்கு மாணவியரும் காண்கின்றனர். அவர்களுள் ஒருத்தியான சுலக்ஷனா கிஷாந்தின் மனைவி என்பதை ஆகஸ்ட் மாதத்தில்தான் அறிந்தேன்.

“அப்படியானால், பேனா விடயம் உனக்கு…”

“சனிக்கிழமையே தெரியுங்க. அந்தக் கடைசி வரிய எழுதச் சொன்னதே நான்தான்.”

“ஒப்பந்தப்படி என்னை விலக்கியிருக்கலாமே?”

ஜீவராணி இன்னொரு வெங்காயத்தை எடுத்து என் முன் வைத்தாள்.

“வெலக்கியிருந்தா நீங்க முன்னறையில சும்மாத்தானே உக்காந்திருப்பீங்க.”