கியர் அண்ணாச்சியும் மாமாவின் இட்லி வண்டியும்

பம்பாயில் மனிதர்களுக்கு மரியாதை கொடுத்தவர்கள் நிறையப் பேர் இருந்திருக்கலாம். வண்டிகளுக்கு மரியாதை கொடுத்தவர் தாராவி கியர் அண்ணாச்சி ஒருவர்தான். மாதுங்காவிலிருந்து மலபார் ஹில் வரைக்கும் சல்லடை போட்டுச் சலித்தாலும் அவருக்கு ஜோடி கிடையாது. பந்தயம் கட்டத் தயார்.

வண்டியின் சொந்தக்காரர் டாக்டரானாலும் சரி, வக்கீலானாலும் சரி, அண்ணாச்சிக்கு அவர் 'வே'தான். வண்டி மட்டும் 'இவுக'. "இவுகளுக்கு மூச்சு வாங்குது. நீரு என்னவே கல்யாணத்துக்கு வந்தவரு மாதிரி வேடிக்க பாத்துட்டு நிக்கீரு?" என்பார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் தார்ப்பாய் கட்டி வொர்க்‌ஷாப் போட்டவர். அவருக்கு என்று ஒரு பெயர் இருந்திருக்கும். நான் கேட்டதில்லை, கேட்டவர் யாரையும் பார்த்ததுமில்லை.

இவ்வளவு பெரிய பக்தர் எந்த வண்டியிலும் ஏறமாட்டார் என்பதுதான் வேடிக்கை. பஸ், டாக்ஸி, லாரி எதுவும் கிடையாது. எங்கே போவதானாலும் நடைதான். காரணம் கேட்டால், "உள்ள என்ன இருக்குன்னு பாத்தவன்வே நான். உமக்குத் தெரியாது, நீரு ஏறும்" என்று விடுவார். கேட்ட நாமும் அன்றைக்கு பஸ்ஸை விட்டுவிட்டு நடையைக் கட்டுவோம்.

எங்களை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது என் மாமாவின் பிக்கப் வண்டி. அறுபதுகளின் நடுவில் நான் ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. ஜாகை கிங்ஸ் சர்க்கிளுக்குப் பின்னால் மாமா வீட்டில். செம்பூரில் ஒரு ஃபாக்டரி கான்டீனுக்குக் காலை இட்லி சப்ளை செய்வதுதான் மாமாவின் தொழில். அந்த ஒரு கான்ட்ராக்டில்தான் மொத்தக் குடும்பமும் சாப்பிட்டது. இட்லி அவிந்து, பாத்திரத்தோடு பிக்கப்பில் ஏறி, முதல் ஷிப்ட் ஆட்கள் உள்ளே போவதற்குள் அங்கே இறங்கியாக வேண்டும்.

பிக்கப் யுத்தகாலத்துச் சரக்கு. பட்டாளத்தில் கழித்துக் கட்டியதை யாரோ வாங்கி, அவரும் கழித்துக் கட்டி, மாமாவின் தலையில் வந்து விடிந்தது. அந்த ஜனவரியில் அதற்கு ஒரு விசித்திர வியாதி கண்டது. மத்தியானத்தில் ஓரளவு சொன்ன பேச்சைக் கேட்கும். காலையில் மட்டும் கியர் விழாது. மாமா இரண்டு கையாலும் கம்பைப் பிடித்துத் தள்ளுவார், நானும் கூடப் பிடித்துத் தள்ளுவேன். உள்ளே நறநறவென்று பல்லைக் கடிக்கும். ஒரு வழியாக விழுந்து கிளம்பினால், சயான் மேட்டில் செகண்ட் கியர் தானாகவே துள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

இப்படிப் பல நாள் இட்லி லேட். கான்டீன் மேனேஜர் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஏதோ மெஷின் ரிப்பேருக்காக ஃபாக்டரியைச் சில நாள் மூடுகிறார்கள். மறுபடி திறக்கிற திங்கட்கிழமை இட்லி லேட்டானால் கான்ட்ராக்ட் வேறு ஆளுக்கு. அன்று ராத்திரி மாமா மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் வண்டியைத் தாராவிக்கு ஓட்டிக்கொண்டு போனோம். அண்ணாச்சி கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "காலம்பற வர்ற நோவுக்குக் காலம்பறதான் நாடி பாக்கணும். இவுகள விட்டுட்டுப் போரும்" என்றார். விடிந்ததும் போய் நின்றோம். எங்களை ஏறிட்டுப் பார்க்கவில்லை. வண்டியிடம் குனிந்து, "ராத்திரி நல்லாத் தூங்குனியளா?" என்று விசாரித்தார்.

அப்புறம் ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையைக் கியர்பாக்ஸின் மேல் வைத்தார். காதைவிடப் பல்லுக்கு நன்றாகக் கேட்கும் என்பது அவர் கட்சி. எஞ்சினைப் போடச் சொல்லி, மாமாவைக் கிளச்சை மிதிக்கச் சொன்னார். உள்ளே கேட்ட சத்தம் நின்றது. விடச் சொன்னார். உள்ளே யாரோ முனகுவது எனக்கே கேட்டது. "பேரிங்கு போச்சு" என்றார், கடித்த ஸ்க்ரூடிரைவரோடு. "சரி, அது காலம்பற மட்டும் ஏன்வே கியர விழவிடமாட்டேங்குது?"

யோசித்தவர் மூக்கைச் சுளித்தார். "யாருக்கவே தல இப்பிடி மணக்கு?"

மாமா தலையிலும் என் தலையிலும் தேங்காய் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. அவர் தலையிலும்தான். எங்கள் இரண்டு பேரையும் தெருக்கோடிக்கு விரட்டினார். தன் தலையில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார். மறுபடி மோந்து பார்த்தார். மணம் போகவில்லை. எங்களைக் கைகாட்டித் திரும்பக் கூப்பிட்டார்.

சந்தேகத்தோடு வண்டிக்கு அடியில் படுத்துக் கியர்பாக்ஸின் அடித் திருகைக் கழற்றினார். எண்ணெய் கொட்ட வேண்டும். ஒரு சொட்டு வரவில்லை. கம்பியை விட்டுக் குடைந்தார். வெள்ளை வெளேரென்று ஒரு கட்டி, நடுநடுவே இரும்புத் துணுக்குகளோடு, பொத்தென்று விழுந்தது. அதை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "தேங்கா எண்ண" என்றார்.

மாமாவுக்கு முகமெல்லாம் பெருமை. "பாலக்காட்டுச் செக்கு எண்ணையாக்கும். உள்ளே இருந்த எண்ணை ஒழுகிண்டே இருந்தது. கடையிலே குடுக்கற கறுப்பு எண்ணையிலே என்ன கலந்திருக்கோ, யார் கண்டா? அதான் நம்மாத்து எண்ணையையே விட்டுண்டு வரேன்."

"இத ஏன்வே மொதல்லயே சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

அண்ணாச்சி வண்டியைப் பார்த்துக் கைகூப்பினார். "மன்னிச்சுக்கிடுங்க. தலைக்குத் தேய்க்கிறத வயித்துக்கு ஊத்துற ஆளுகிட்ட வந்து மாட்டிக்கிட்டிய."

"நாங்க ரெண்டுக்கும் அதைத்தானே உபயோகிக்கறோம்" என்றார் மாமா, நிஜமாகவே புரியாமல்.

ஜனவரிக் குளிரில் எண்ணெய் உறைந்துபோகிறது என்று மாமி தினம் காலையில் பாட்டிலை ஜன்னல் வெயிலில் வைப்பாள். அதைத் தினம் பார்க்கிற எங்கள் இரண்டு பேருக்கும், கியர்பாக்ஸுக்குள்ளேயும் அதே எண்ணெய் அதே குளிரில் உறையும் என்று தோன்றவில்லை பாருங்கள். படித்த படிப்பெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"கழுவிட்டு நல்ல எண்ணை விட்டாப் போறாதோ?" என்று மாமா இழுத்தார்.

"பல்லு விழுந்த வாயக் கழுவி என்னவே செய்ய? செகண்டு கியருல பாதிப் பல்லு இந்தக் கட்டிக்குள்ள கெடக்கு. பெட்டியவே மாத்தணும்."

மாற்றுப் பெட்டி தேடிக் குர்லாவுக்குப் போனோம், நடந்துதான். அங்கே வரிசையாகப் பங்கார் கடைகள். பழைய இரும்புக் கடைகளுக்கு பம்பாயில் அதுதான் பெயர். அண்ணாச்சி ஒவ்வொரு கியர்பாக்ஸாகத் தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், மூடியைத் திறந்து பல்லை விரலால் தடவினார். "இவுக குடிகாரன்கிட்ட இருந்திருக்காக." அடுத்தது. "இவுக தண்ணியில முங்கிட்டாக." பெண் பார்க்கப் போன இடத்தில்கூட இத்தனை குறை கண்டவரை நான் பார்த்ததில்லை. கடைசியில் ஒரு பெட்டிக்குத் தலையை ஆட்டினார். எங்கள் வண்டியின் பெட்டி இல்லை அது. "ஒண்ணுவிட்ட தம்பி. பொருத்திரலாம்" என்றார். அதைக் கைவண்டியில் ஏற்றி, தாராவி வரும்வரை அதன்மேல் ஒரு கையை வைத்தபடியே கூட நடந்து வந்தார்.

பழைய பெட்டியை இறக்குகிற நேரத்தில் மாமா வண்டிக்கு அடியில் எட்டி எட்டிப் பார்த்தார். "பிரசவம் பாக்குற எடத்துல புருசனுக்கு என்னவே சோலி?" என்று துரத்திவிட்டார் அண்ணாச்சி. வண்டியில் கிடந்த எங்கள் சாம்பார் அண்டாவைக் கவிழ்த்து, மேலே சாக்கைப் போட்டு, அதன்மேல்தான் பெட்டியை இறக்கினார். இது மாமிக்குத் தெரியாது. இப்போது தெரிந்தாலும் பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேலை முடிந்தது. மாமா சாமியை வேண்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்து, வழக்கப்படி ஃபர்ஸ்டைப் போட்டுக் கிளச்சை விட்டார். வண்டி பின்பக்கமாகப் பாய்ந்து எதிர்ச்சாரி டீக்கடை பெஞ்சை முட்டியது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸோடு ஓடினார்கள். பழைய பெட்டியில் ஃபர்ஸ்ட் இருந்த இடத்தில் ஒண்ணுவிட்ட தம்பிக்கு ரிவர்ஸ். "இவுக சொன்ன சொல் கேட்டாக. நீரு சொன்னதுதான் தப்பு" என்றார் அண்ணாச்சி.

மாமாவின் கை பல வருஷப் பழக்கம். ஒரு நாளில் மாறுமா? அன்று சாயங்காலம் அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கே நடந்து வந்துவிட்டார். மாமாவைச் சமையல் கூடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, கையில் சாம்பார்க் கரண்டியைக் கொடுத்து, வாசலில் நின்றபடி கேள்வி கேட்டார்.

"செகண்டு."

மாமா கரண்டியை மேலே தள்ளினார்.

"தேர்டு. கிளச்சு எங்கவே? காலு தூங்குதா?"

மாமா வெறுந்தரையை மிதித்தார். "நாளைக்கு இட்லி வேணும், ஊறின உளுந்தை இன்னும் அரைக்கலை" என்று மாமி முணுமுணுத்தாள். அவளை யார் கவனித்தார்கள்? கரண்டி தப்பாமல் விழுகிற வரைக்கும் அண்ணாச்சி விடவில்லை. போகும்போது, "இனி உம்ம பேரன் காலத்துக்கும் இவுக ஓடுவாக. கியர் அண்ணாச்சி கைவச்ச வண்டி நடுரோட்டுல நின்னதா சரித்திரமே இல்ல. கவலய விட்டுட்டுத் தூங்கும்" என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டுப் போனார். மாமா தூங்கவில்லை.

திங்கட்கிழமை விடியுமுன் இட்லியை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். ஃபர்ஸ்ட் விழுந்தது. செகண்டும் விழுந்தது. மாமா வாயில் சகஸ்ரநாமமும் கியர் வரிசையும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. சயான் மேடு நெருங்கியதும் இரண்டு பேருமே மூச்சை அடக்கினோம்.

மேட்டின் அடியில், விளக்குக் கம்பத்துக்குக் கீழே, தலையோடு காதோடு துண்டைச் சுற்றிக்கொண்டு ஓர் ஆள் நின்றிருந்தார். காலடியில் சாக்குமூட்டை. அதிலிருந்து ஜாக்கி எட்டிப் பார்த்தது. மாமா பதறிப்போய் பிரேக்கில் கால் வைத்தார்.

"நிறுத்தாம போரும்வே. ஏத்தத்துல இவுகள நிறுத்தப்படாது."

நிறுத்தவில்லை. செகண்ட் கியர் அசையாமல் நின்றது, வண்டி மேட்டில் ஏறியது. நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணாச்சி அந்த மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கள் பின்னாலேயே வேகவேகமாக மேடேறிக்கொண்டிருந்தார். உச்சியில் வந்து நின்று, வண்டிச் சத்தத்துக்குத் தலையைச் சாய்த்துக் கேட்டார். அப்புறம் தாராவிப் பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தார்.

செம்பூரில் ஷிப்ட் சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே இட்லி இறங்கியது. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். மாமா ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார்.

என் வாழ்க்கையில் நல்லது கெட்டதுக்கு எத்தனையோ பேர் வந்து நின்றிருக்கிறார்கள். வழியில் நாங்கள் நின்றுபோய்விடக் கூடாதே என்று குளிரில் ஜாக்கியோடு வந்து நின்ற மனுஷன் அவர் ஒருவர்தான்.