சர்ஃப் பலகைக்கு அடியில் ஓர் எலுமிச்சம்பழம்

போன மாதம் ஒரு நாள், ஒரு ஃபைலை புக்கிட் ரம்பாயில் இருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோய், ஒரு பலகை வெட்டி வாங்கி வரவேண்டியிருந்தது. வேலை அவ்வளவுதான்.

மரப்பலகை இல்லை. கடலில் அலைமேல் ஏறி நின்று போகிறார்களே, அந்தச் சர்ஃப் பலகை. நான் கம்ப்யூட்டரில் வரைவேன், மெஷின் அதைப் படித்து ஃபோமைச் செதுக்கும். ஆஸ்திரேலியாவில் பதினாறு வருஷம் இதுதான் பிழைப்பு.

இப்போது மலாக்காவுக்கே திரும்பிவிட்டேன். இங்கேதான் அலையே கிடையாது! கிளேபாங் கரையில் நின்று பார்த்தால் கடல் குளம் மாதிரி கிடக்கும். என் மனைவியின் தம்பி, "அலை வந்தா கால் பண்ணுங்க லா மச்சான், லீவு போட்டுட்டு வர்றேன்" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்லிவைக்கிறான்.

அலை கிழக்குக் கரையில் இருக்கிறது. செராத்திங்கில் பலகை வாடகைக்கு விடும் ரஹிம், ஒரே ஒரு ஃபோம் கட்டையை லாரியில் அனுப்பியிருந்தார். இதை ஒழுங்காக வெட்டிக் காட்டுங்கள், அப்புறம் என் கடைப் பலகை எல்லாம் வெட்டும் வேலை உங்களுக்குத்தான் என்றார்.

கெட்டுப்போனால், மறுபடி சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு பிளேன் ஏறவேண்டியதுதான். நாற்பத்தெட்டு வயதில்.

புறப்படும்போது மனைவி சாந்தி ஓர் எலுமிச்சம்பழத்தை நீட்டினாள். முதல் வேலை, டயருக்கு அடியில் வைத்து ஏற்றிவிட்டுப் போங்கள் என்றாள். பழத்துக்கும் மில்லிமீட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று வாசலிலேயே ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றினேன். முழுவதும் கேட்டாள். பழத்தை என் சட்டைப் பையில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பட்டறையில் மெஷினை ஓட்டுவது புவனா. கல்யாண மேடைக்கு யானை, காவடிக்கு மயில் என்று ஃபோமில் வெட்டிக் கொடுப்பவள். வயதில் என்னைவிடப் பதினைந்து சின்னவள், மெஷினில் என்னைவிட மூத்தவள்.

ஃபைலைத் திறந்து காட்டினேன். நீளம் சரி, வளைவு சரி, கத்தி போகும் பாதை சரி. வீட்டிலேயே பத்து தடவை பார்த்தது.

"சாமி கும்பிட்டு ஆரம்பிக்கலாமாண்ணே?"

"ஃபைல் சரியா இருந்தா சாமிக்கு இங்க என்னம்மா வேலை?"

அவள் கட்டையை இரண்டு தாங்கிகள்மேல் கிடத்தினாள். மட்டம் பார்த்தாள். வால் பக்கம் கத்தியை இறக்கி, இங்கிருந்துதான் அளக்கவேண்டும் என்று மெஷினுக்குக் காட்டினாள். பெல்ட் போட்டு இறுக்குவதற்குள் போன் வந்து வெளியே போனாள்.

நான், மெஷின், அந்த ஒரே கட்டை.

கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. சுற்றிப் பார்த்தேன். இரண்டு ஃபோம் யானைகளைத் தவிர யாரும் இல்லை. பலகைக்கு மூக்காகப்போகும் முன்பக்கத்தின் தாங்கிக்கும் ஃபோமுக்கும் நடுவில் பழத்தைச் செருகிவிட்டேன். மனசுக்குள் பிள்ளையாரையும் ஒருமுறை கூப்பிட்டுக்கொண்டேன்.

புவனா திரும்பி வந்ததும், மூக்குப் பக்க பெல்ட்டை நானே இறுக்குகிறேன் என்றேன். இறுக்கினேன்.

மெஷின் ஓடியது. வாலிலிருந்து பாதிவரை என்ன அழகு! அப்படியே என் ஃபைல். மூக்கை நெருங்க நெருங்கத்தான் சத்தம் மாறியது. புவனா மூக்கை உறிஞ்சினாள்.

"என்னண்ணே, எலுமிச்ச வாசம் வருது?"

"தரை கழுவுன சோப்பா இருக்கும்."

"நாங்க எங்கண்ணே தரை கழுவுறோம்?"

அதற்குள் பலகையின் மூக்கு அப்பளமாகிவிட்டது. அவள் பாய்ந்து மெஷினை நிறுத்தினாள். நான் உடனே வாயைத் திறந்தேன். மெஷின் அளவை மறந்துவிட்டது என்றேன். கரண்டு ஏறி இறங்கியிருக்கும் என்றேன். ஆஸ்திரேலியாவில் இப்படி நடந்ததே இல்லை என்றும் சொன்னேன். அது மட்டும் உண்மை.

அவள் குனிந்தாள். பாதி நசுங்கிய பழத்தை இரண்டு விரலால் எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இது ஃபைல்ல இருக்காண்ணே?"

பழம் தூக்கிவிட்ட உயரத்துக்கு மெஷின் மூக்கைச் சீவியிருக்கிறது. சொன்னதைத்தான் செய்திருக்கிறது, பாவம்.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மனசு சூட்கேஸ் அடுக்க ஆரம்பித்தது. புவனாதான், "யானை உடைஞ்சா மயில் பண்ணிடுவோம்ணே. மிச்சத்துக்குள்ள அடங்குற மாதிரி சின்னதா வரைங்க" என்றாள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து திரும்ப வரைந்தேன். பெரிய ஆள் நிற்கவேண்டிய கட்டையிலிருந்து, ஒரு பிள்ளை நிற்கிற பலகை வந்தது.

அந்தப் பலகையைப் படமெடுத்து ரஹிமுக்கு அனுப்பினேன். ஃபைல் தப்பா, மெஷின் தப்பா என்று கேட்டார். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்று மலாயில் விளக்கி எழுதினேன். 'லிமாவ்' என்ற இடம்வரை கௌரவமாகத்தான் போனது. அங்கே எலுமிச்சம்பழம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, தப்பு என்னுடையது என்று மட்டும் அனுப்பினேன்.

நான் யானையைப் பார்க்க, யானை என்னைப் பார்க்க, பதில் வந்தது. பிள்ளைகள் பலகை என்னிடம் இல்லை, அதை அனுப்புங்கள். இன்னொரு கட்டை வருகிறது, அதையாவது வளரவிடுங்கள்.

சாயங்காலம், பழத்தை மட்டும் விட்டுவிட்டு நடந்ததைச் சொன்னேன். சாந்தி கேட்டாள்.

"பழத்த அடியில வச்சீங்களா?"

"வச்சேன்."

"நசுங்குச்சா?"

"பாதி."

"அதான் நஷ்டம் ஒரு கட்டையோட நின்னுடுச்சி. நாளைக்கு முழுசா ஏத்துங்க."

இப்போதெல்லாம் மெஷின் பக்கம் போவதற்குமுன் ஃபைலை ஒரு தடவை பார்க்கிறேன், சட்டைப் பையை இரண்டு தடவை.