சம்பந்தி படம் பிடித்த கரடி

"நிறுத்துங்க! கரடி! இடது பக்கம் கரடி!"

வெர்னன் போட்ட கூச்சலில் பஸ் குலுங்கி நின்றது. உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் இடது பக்க ஜன்னல்களில் போய் அப்பிக்கொண்டார்கள். அவருடைய சம்பந்தி ஆர்லோவின் மனைவி மார்வா மட்டும் முழங்கால் வலி என்று வலது பக்க சீட்டை விட்டு எழவில்லை.

எதிர்மலைச் சரிவில், சிவந்துபோன புதர்களுக்கு நடுவே, பழுப்பாக, பெரிதாக ஒன்று படுத்திருந்தது.

வெர்னனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஃபேர்பேங்க்ஸ் நகரில் முப்பது வருஷமாகக் குழாய் ரிப்பேர் பார்ப்பவர் அவர். மகள் கல்யாணத்தின்போது, நெப்ராஸ்காக்காரரான சம்பந்தி ஆர்லோவிடம், "உங்க ஊர்ல கோழி எப்படியோ, எங்க அலாஸ்கால கரடி அப்படி" என்று அளந்துவிட்டிருந்தார். அதை நம்பி மனுஷர் பெண்டாட்டியோடு விமானம் ஏறி வந்துவிட்டார். இந்த மலைப் பூங்காவின் மண் ரோட்டில் காலையிலிருந்து ஐந்து மணி நேரம் குலுங்கியாகிவிட்டது. கண்ணில் பட்டது ஒரே ஒரு முயல். அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடிவிட்டது.

"என்ன சம்பந்தி, கோழியைக் காணோமே?" என்று ஆர்லோ இதற்குள் மூன்று தடவை கேட்டுவிட்டார்.

"இப்பப் பாருங்க!" என்று சொல்லி வெர்னன் பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றார்.

பாறை. பாசி பிடித்த, கொழுகொழுவென்ற பாறை.

"என்ன பண்ணுது?" என்றார் ஆர்லோ.

"தூங்குது."

"குடுங்க, நானும் பார்க்கிறேன்."

"இதுல ஒண்ணுமே சரியாத் தெரியல. கெட்டுப்போச்சு." வெர்னன் பைனாகுலரைப் பைக்குள் திணித்து, அதன் மேல் ஸ்வெட்டரையும் திணித்தார். ரெண்டு நிமிஷத்தில் பஸ் கிளம்பிவிடும், அதோடு பிழைத்தோம் என்று நினைத்தார்.

"காது ஆடுது!" என்றாள் பின் சீட்டுப் பெண் ஒருத்தி.

"பக்கத்துல குட்டி! பாருங்க, குட்டி!" என்றார் தொப்பிக்காரர் ஒருவர். பக்கத்தில் இருந்தது சின்னப் பாறை.

அவ்வளவுதான். டிரைவர் டெல்லா எஞ்சினை அணைத்துவிட்டாள். பின்னால் வந்த ரெண்டு பஸ்களும் நின்றன. யாரோ மூக்கைச் சிந்தினார்கள். "எங்கம்மா இதைப் பார்க்காமலே போயிட்டாங்க" என்று ஒரு குரல் தழுதழுத்தது. ஆர்லோ ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிப் படம் எடுத்துத் தள்ளினார்.

கடைசியில் உடம்பை உள்ளே இழுத்துக்கொண்டு வெர்னனின் கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது.

"சம்பந்தி, உங்களை வாய்ச்சவடால்னு நெனச்சேன். வீட்லகூட சொல்லிச் சிரிச்சேன். மன்னிச்சிருங்க. ஞாயித்துக்கிழமை எங்க சர்ச்சுல பெரிய திரை கட்டி, ஊருக்கே இந்தப் படத்தைக் காட்டப்போறேன். 'என் சம்பந்தி காட்டின கரடி'ன்னு சொல்லித்தான் காட்டுவேன்."

வெர்னன் அந்தக் காட்சியை நினைத்துப் பார்த்தார். ஊரே கூடி உட்கார்ந்து ஒரு பாறையைப் பார்க்கும். மகள் வாழப்போன ஊர் அது.

"சம்பந்தி," என்றார் மெதுவாக. "அது கரடி இல்ல. பாறை."



"காது ஆடினதை என் கண்ணால பார்த்தேன்!" என்று பின் சீட்டுப் பெண் எகிறினாள்.

"அப்போ குட்டி? குட்டியும் பாறையா?" என்றார் தொப்பிக்காரர்.

ஆர்லோ கையை உதறினார். "ஓஹோ! நான் நல்லாப் படம் புடிச்சுட்டேன், உங்களால முடியலேன்னு வயித்தெரிச்சலா?"

வெர்னனின் மனைவி லோரீன் அவர் காதருகே குனிந்தாள். "கரடின்னு சொல்லி மானத்தை வாங்கப் பார்த்தே. இப்போ பாறைன்னு சொல்லிச் சண்டையை இழுக்கறே. அந்த வாயைக் கொஞ்ச நேரம் சும்மா வச்சிருந்தா என்ன?"

வேறு வழியில்லாமல் வெர்னன் டிரைவரிடம் முறையிட்டார். "டெல்லாம்மா, நீங்களே சொல்லுங்க."

டெல்லா தன் பைனாகுலரை எடுத்து நிதானமாகப் பார்த்தாள். "இந்த ரோட்ல இருபத்தோரு வருஷமா ஓட்டறேன். தூரத்துல பார்த்து நானே ஏமாந்துட்டேன். பாறைதான், ஐயா."

தொப்பிக்காரர் தொப்பியை முகத்துக்கு இறக்கிக்கொண்டார். பின் சீட்டுப் பெண் பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தாள். ஆர்லோ கேமராவை ஒருதரம் பார்த்தார், சம்பந்தியை ஒருதரம் பார்த்தார். பிறகு தொப்பென்று மனைவியின் பக்கத்தில் வந்து விழுந்தார்.

"முக்கால் மணி நேரம், மார்வா! ஒரு கல்லைப் பார்த்துட்டு நின்னுருக்கேன்."

மார்வா ஜன்னல் கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பினாள். "இப்பவாவது இந்தப் பக்கம் வந்தியே! ஒரு தாய்க்கரடி மூணு குட்டியோட பஸ்ஸை ஒட்டி நின்னு பழம் தின்னுட்டு, இப்பத்தான் புதருக்குள்ள போச்சு. ரெண்டு தடவை உன்னைக் கூப்பிட்டேன். 'வாயை மூடு, கரடி முழிச்சுக்கும்'னுட்டே!"