அந்திராடோ ஹோல் பட்டியலில் என் பெயர் இல்லாதது பற்றி

கொக்கட்டிச்சோலை,
ஐப்பசி 4, செவ்வாய்க்கிழமை.

அன்பும் பட்டமும் ஒருங்கே பெற்ற மருமகள் ஆர்த்திகாவுக்கு, தாய்மாமன் நல்லரத்தினம் ஆசிகளுடன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உன் மாமி சீதேவிப்பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். மாடுகளும் சுகம். தண்ணீர்ப் பம்ப் மட்டும் சுகமில்லை, அதை நாளைக்குக் கழற்றிப் பார்க்கிறேன். வந்தாறுமூலையில் நீயும் உன் மாணவர்களும் கம்பியூட்டரும் சுகமாக இருக்க வேண்டும் என்று கோயிலில் கும்பிட்டு வந்தேன். அது உன் பட்டியலைப் பார்க்க முன்னம் கும்பிட்டது. பார்த்த பிறகு கும்பிட்டதை இங்கே எழுதவில்லை.

மகள், நான் இரண்டு பள்ளிக்கூடங்களில் எட்டாம் வகுப்புப் படித்தவன். ஒரு பட்டியலில் எது இருக்கிறது, எது இல்லை என்று எனக்குத் தெரியும். வாவிக்கரையில் அந்திராடோ துரையின் பழைய நெல்லுக் களஞ்சியத்தை 'அந்திராடோ ஹோல்' என்ற மண்டபமாக்கி, எழுபத்தி மூன்றாம் ஆண்டு தொடங்கி ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் றொக் மியூசிக் கச்சேரி வைத்தார்கள் என்பதும், எழுபத்தெட்டில் சூறாவளி அதன் கூரையைக் கொண்டுபோனது என்பதும், இப்போது அங்கே ஒரு சுவரும் மூன்று யன்னல் ஓட்டைகளும் மட்டும் மிச்சம் என்பதும் இந்த மாவட்டத்துக்கே தெரியும். அந்தக் கூரைத் தகடுகளில் ஒன்று சித்தாண்டிப் பக்கம் விழுந்ததாகவும் இன்னொன்று பொலன்னறுவையில் யாரோ ஒருவரின் மாட்டுக் கொட்டிலாக இருப்பதாகவும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நீ அந்த மண்டபத்தின் கச்சேரி வரலாற்றைச் சேர்த்து இன்டர்நெட்டில் போட்டு, அந்தச் சுவரில் வாசித்தவர்களின் பெயர்ப்பலகையும் பதிக்கப்போகிறாய் என்று அறிந்தபோது, எனக்கு ஒரு அழைப்பு வரும், மேடையில் ஒரு கதிரை வரும் என்று இருந்தேன். வந்தது பட்டியல். என் கண்ணாடி கிடைக்காதபடியால் உன் மாமிதான் போனில் பார்த்து வாசித்தாள். வாசித்து முடித்துவிட்டு, "இஞ்சேருங்க, நாவன்னா முழுக்கப் பார்த்திட்டன். நடராசா இரிக்கார், நவரெத்தினம் இரிக்கார். உங்கட பேரக் காணல்லியே" என்றாள். இதைக் கேட்ட பிறகு ஒரு மனிதன் பாற்சோறு சாப்பிடலாமா, நீயே சொல்லு.

உன் மாமி என்னைக் கலியாணம் முடித்ததே நான் 'வாவி தண்டர்ஸ்' இசைக்குழுவில் முதல் கிற்றார் அடித்தவன் என்பதால். நான் ஒருமுறை தந்தியை இழுத்தபோது பாலத்தில் போன பஸ் நின்று, சாரதி இறங்கி எஞ்சினைத் திறந்து பார்த்தார் என்பதை அவளுக்கு நாற்பத்திரண்டு வருடமாகச் சொல்லி வருகிறேன். அவளும் அதைக் கோயிலில் மாலை கட்டும் பெண்களுக்குச் சொல்லிவிட்டாள். திறப்பு விழாவுக்குப் போட எனக்கு ஒரு நீலச் சேர்ட்டும் தைப்பித்துவிட்டாள். தையற்காரர் அளவு எடுக்கும்போதே கிற்றார் தொங்கவிட வசதியாகத் தோள் பக்கம் கொஞ்சம் தளர்த்தி வெட்டியிருக்கிறார். இப்போது நான் எந்த முகத்தோடு மாலை கட்டும் மண்டபத்தைத் தாண்டிப் போவது?

என் பெயரை விட்டதைக்கூடப் பொறுப்பேன். நீ சேர்த்த வரலாற்றைப் பார். எங்கள் ஆட்களிடம் திகதி கேட்டால் எல்லாவற்றையும் சூறாவளிக்கு முன்னம், சூறாவளிக்குப் பிறகு என்றுதான் சொல்லுவார்கள். உனக்கும் அப்படியே சொல்லியிருக்கிறார்கள், நீயும் மரியாதையாக எழுதிக்கொண்டு வந்துவிட்டாய். சூறாவளிக்கு முந்தின ஞாயிறு அந்த மண்டபத்தின் கடைசிக் கச்சேரியை வாசித்தவர்கள் என்று உன் பட்டியலில் பதினொரு இசைக்குழு இருக்கிறது. பதினொரு ட்ரம்ஸும் ஒரே நாள் அந்த மேடையில் ஏறியிருந்தால் சூறாவளி வந்திருக்கவே தேவையில்லை, மண்டபம் தானாகவே இறங்கியிருக்கும்.

இதைச் சொல்லத்தான் உனக்குப் போன் எடுத்தேன். நீ என்ன சொன்னாய்? "மாமா, பேரைப் போடலாம். ஆனா ஒரு போட்டோ, ஒரு நோட்டீஸ், இல்லாட்டி கண்ட ஒரு ஆள் எழுதித் தரணும்" என்றாய். பெற்ற தாயின் தம்பியிடம் சான்று கேட்ட முதல் மருமகள் நீதான். சரி, கேட்டுவிட்டாய். போன சனிக்கிழமை காலையில் ஒரு சட்டி எருமைத் தயிரைத் துணியில் கட்டிக்கொண்டு, மண்முனைப் பாலத்தைக் கடந்து, காத்தான்குடிக்கு நஸீர் காக்காவிடம் போனேன். அந்த மண்டபத்துக்கு முதல் நாளில் இருந்து கடைசி நாள் வரைக்கும் மைக், ஸ்பீக்கர் கட்டியவர் அவர். எழுபத்தெட்டு வயது. வலது காது ஸ்பீக்கருக்குப் போய்விட்டது, இடது காது வீட்டாருக்கு மிச்சம் என்பார்.

"என்ன நல்லரத்தினம், தயிருஞ் சட்டியுமா வந்திரிக்காய். எங்கயும் கலியாணப் பேச்சா?" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். நான் கிற்றார் அடித்ததைக் கண்டதாக ஒரேயொரு வரி எழுதித் தந்தால் போதும் என்றேன். அவர் தயிர்ச் சட்டியை ஒருக்கால் பார்த்தார், என்னை ஒருக்கால் பார்த்தார்.

"தண்டர்ஸ்ல கிற்றார் அடிச்சவன் ஜெரோமெல்லோ?"

"ஜெரோமுக்குச் சுகமில்லாத நாளுகள்ல, காக்கா."

"அவனுக்கு ஒரு நாளும் சுகமில்லாமப் போகல்லியே. சரி, அத விடு. ஒன்ட மருமகள் எனக்கும் அந்தப் பட்டியல அனுப்பியிருக்கா. ஒண்டும் வெளங்கல்ல. தண்டர்ஸ் முதல்முதல் வாசிச்சது எப்ப?"

மகள், இப்படிக் கேட்டால் நான் சும்மா இருப்பேனா. எழுபத்தி நாலு தை மாசம் மூன்றாம் ஞாயிறு, மாரி வெள்ளத்துக்கு முகத்துவாரத்து மணலை வெட்டி வாவித் தண்ணீரைக் கடலுக்கு விட்ட கிழமை, தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கிவிட்டது, மூன்றாம் பாட்டில் ஜெரோமுக்கு ஒரு தந்தி அறுந்தது, மிச்சத் தந்தியிலேயே முடித்தான் என்றேன். பட்டியலில் அடுத்தது 'மூன்றாம் கட்டை பீட்ஸ்', அவர்கள் வாசித்தது மணலை வெட்ட முன்னம், தண்ணீர் தொடை மட்டம், பாடகருக்கு இருமல். அதற்கு அடுத்தது சல்லு கூடின ஞாயிறு, நீர்ப்பாசி காலில் சுற்றும், ட்ரம்ஸ்காரர் கோபித்துக்கொண்டு இரண்டாம் பாட்டோடு எழும்பிப் போய்விட்டார். காக்கா தன் மகள் றமீஸாவைக் கூப்பிட்டுக் கொப்பியும் பேனையும் எடுக்கச் சொன்னார். நான் சொல்லச் சொல்ல அந்தப் பிள்ளை எழுதியது. நாற்பத்தியொரு ஞாயிறு. வாசித்தவர்களைக் கேட்டால் அவனவனுக்கு அவனவன் வாசித்த நாள் மட்டும்தான் ஞாபகம், அதையும் சூறாவளிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள்.

இருபதாவது ஞாயிறு எழுதும்போது றமீஸா பேனையை நிறுத்தினாள். "அங்கிள், ஒரு சின்னக் கேள்வி. மேடையில நிண்டு கிற்றார் அடிச்ச ஆளுக்கு வாவித் தண்ணி கணுக்காலா தொடையா எண்டு எப்படித் தெரியும்?"

இதெல்லாம் ஒரு கேள்வியா, மகள். கலைஞன் என்றால் யன்னலால் வெளியே பார்க்க மாட்டானா. அப்படித்தான் சொன்னேன். காக்காவின் தோள் குலுங்கியது. வயதுபோனால் அப்படித்தான்.

கடைசி ஞாயிறுக்கு வந்தோம். அந்தப் பதினொரு குழுவில் எது என்று காக்கா கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். அன்றைக்குக் கரண்ட் இல்லை. கச்சேரியே நடக்கவில்லை. நாலு மணியில் இருந்து ஆறு மணி வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்க, காக்கா யன்னலால் தலையை நீட்டி, "இண்டைக்கு இல்ல, வீட்ட போ" என்றார். அந்த மண்டபத்தில் இருந்து வந்த கடைசிச் சத்தம் அதுதான் என்றேன். காக்கா, "ஓம். கரண்ட் இல்ல. நான் மறந்தே போனன்" என்றார்.

இவ்வளவு சொல்லியும், கிற்றார் வரியை மட்டும் எழுத மாட்டேன் என்று நின்றார். "அதுக்கு நாளைக்கு நான் மேல பதில் சொல்லணும், தம்பி. ஆனா ஒனக்கு ஒரு கடிதம் தாறன், அத மருமகள்ட்டக் குடு" என்று, உள்ளே போய் அரை மணித்தியாலம் எழுதி, உறையில் போட்டுப் பசை பூசி ஒட்டித் தந்தார். ஒட்டின கடிதத்தில் நல்லதுதான் இருக்கும். தயிர்ச் சட்டியையும் திருப்பித் தரவில்லை. ஆகவே அதை உடைக்காமல் இத்துடன் வைத்திருக்கிறேன். அதையே சான்றாக எடுத்து, பலகையில் என் பெயரைத் தண்டர்ஸ் வரிசையில், கிற்றார் என்று, ஜெரோமுக்குக் கொஞ்சம் மேலே போட்டுவிடு. எழுத்துப் பெரிதாக இருக்கட்டும், உன் மாமிக்குத் தூரப்பார்வை குறைவு.

நாற்பத்தியொரு ஞாயிறும் எழுதிய கொப்பிக் கடதாசிகளும் இதில் இருக்கின்றன. உன் அம்மாவுக்கு என் அன்பு. அவவுக்குச் சீனி கூடியிருந்தால் நீ கொடுக்கும் பலகாரத்தைக் குறை. நீ எடுத்த காரியம் எல்லாம் ஒப்பேறி, நல்ல பெயரும் நீண்ட ஆயுளும் பெற்று, வழக்குக் கணக்கில்லாமல் வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் மாமா
சீ. நல்லரத்தினம்
(முதல் கிற்றார், வாவி தண்டர்ஸ்)

பி. கு: மேலே எழுதியதைத் தபாலில் போட வைத்துவிட்டு நான் பம்ப் கழற்றப் போன நேரம், உன் மாமி காக்காவின் உறையைத் தேத்தண்ணிக் கேத்திலின் ஆவியில் பிடித்துத் திறந்துவிட்டாள். திறந்தது மட்டுமில்லை, படலையடியில் நின்று பக்கத்து வீட்டுக் கண்ணகைக்குச் சத்தமாக வாசித்தும் விட்டாள். பம்புக்குப் பின்னால் இருந்து நானும் கேட்டேன். காக்கா எழுதியிருப்பது இது:

"நல்லரத்தினம் ஒரு நாளும் மேடையில் ஏறவில்லை. சாறன் கட்டியவர்களை உள்ளே விடுவதில்லை என்று அந்திராடோ துரை சட்டம் வைத்திருந்தார். இவர் வாவிக்கு அக்கரை, படுவான்கரையில் இருந்து தோணி வலித்து வந்து, வாவிக்குள் இறங்கி, மூன்றாம் யன்னலுக்கு நேரே நின்று கேட்டுவிட்டுப் போவார். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இருந்த எனக்குச் சத்தம் சரியா பிழையா என்று தெரியாது. அதனால் யன்னலால் இவரைப் பார்ப்பேன். தலையாட்டினால் விட்டுவிடுவேன். முகம் சுளித்தால் திருகுவேன். ஐந்து வருடமும் அந்த மண்டபத்தில் சத்தம் வைத்தது இப்படித்தான். இது இவருக்குத் தெரியாது."

எனக்குத் தெரியாதுதான், மகள். காற்சட்டையும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு தோணி வலிக்க ஏலாது என்று அந்திராடோவிடம் யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

உன் மாமி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கண்ணகையிடம் அவள் சொன்னதைக் கேள்: "எங்கட இவர் தலையாட்டாம அங்க ஒரு பாட்டும் நடக்கல்லியாம் கா. கொழும்பில இருந்து வந்த ஆக்களே வாசிச்சுப்போட்டு யன்னலத்தான் பார்ப்பாங்களாம்." கொழும்புக்காரரைக் காக்கா எழுதவில்லை, நானும் சொல்லவில்லை. அவளாகவே சேர்த்தது. நாளைக்கு மாலை கட்டும் இடத்தில் இது எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே மேலே உள்ள பக்கங்களைக் கிழித்துவிடு. கொப்பிக் கடதாசியையும் காக்காவின் கடிதத்தையும் மட்டும் எடுத்துக்கொள். கிற்றாருக்கு ஜெரோமின் பெயர் மட்டும் இருக்கட்டும், அவன் நல்லாகத்தான் அடித்தான். என் பெயரைத் தனியாக ஒரு வரியில் போடு. என்ன வாத்தியம் என்று எழுத இடம் விட்டிருந்தால், தலை என்று எழுது. சிரிக்காமல் எழுது.