கீழ்வீட்டில் விழுந்த சொட்டு

கோமாளி மீன்கள் இரண்டும் குளியலறை வாளியில் இருந்த நேரம் பார்த்து அழைப்பு மணி அடித்தது.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் இரண்டு கையிலும் ஈரம். ஒரு கையில் பவளப்பாறை வேறு. அந்த வீட்டில் மணி அடித்து வெகு நாளாகியிருந்ததால், அடிப்பது தன் வீட்டு மணிதான் என்று புரியவே அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

காலையிலிருந்து அவர் ஒரு சின்னக் கடலைப் பெரிய தொட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். வாளிகள் நிறைந்து, அண்டா நிறைந்து, கடைசியில் பிரஷர் குக்கரிலும் உப்புத் தண்ணீர் நின்றது. குடிக்க ஒரு டம்ளர் நல்ல தண்ணீருக்கு வழியில்லை. புதுத் தொட்டி நிரம்பி, பம்பு ஓட ஆரம்பித்துவிட்டது. கையிலிருந்த பாறையை வைத்து, மீன்களை உள்ளே விடுவதுதான் பாக்கி. பழைய தொட்டியை, புதியதைத் தூக்கி வந்த ஆட்களிடமே உற்சாகத்தில் கொடுத்தனுப்பிவிட்டார்.

இவ்வளவு பெரிய தொட்டி எதற்கு என்று அந்த ஆட்கள் கேட்டதற்கு, மீன்களுக்கு இடம் போதவில்லை என்றார். அது பாதி உண்மை. பெரிய தொட்டியைக் கழுவித் துடைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆகும். மனைவி போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

கதவைத் திறந்தால் கீழ்வீட்டுக்காரர் நின்றார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓய்வு பெற்று வருடங்களாகியும், எதிரே வருகிற ஆளிடம் டிக்கெட் இல்லை என்ற முடிவோடுதான் பார்ப்பார். மாடிப்படியில் பார்த்தால் இருவரும் தலையசைப்பார்கள். அதற்கு மேல் பழக்கமில்லை.

"என் கட்டில் மேல சொட்டுது," என்றார் பரிசோதகர். "கடலைக் கொண்டாந்து வீட்டுக்குள்ள வெச்சா வேற என்ன ஆகும்?"

சான்றாகக் கைபேசியில் ஒரு படத்தையும் நீட்டினார். சீலிங்கில் தோசைக்கல் அளவுக்கு ஈரம். கண்ணாடிக்கடைக்காரர், உடனே கீழே வந்து பார்க்கிறேன் என்று செருப்பைத் தேடினார்.

"அதெல்லாம் வேண்டாம். வீடு போட்டது போட்டபடி கிடக்கு. ஒழுகுறது இங்கதானே, இங்க பாருங்க."

பார்த்தார். தொட்டியின் மூலைகளைக் காகிதத்தால் ஒற்றி ஒற்றிப் பார்த்தார். காகிதம் நனையவில்லை. பரிசோதகர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டியைச் சுற்றி நடந்தார். பாறை மேல் விரல் விரலாக ஆடிக்கொண்டிருந்த கடல் சாமந்தியைக் காட்டி, அது பூவா என்று கேட்டார். பூவில்லை, பிராணி, பக்கத்தில் வருகிற மீனைக் கொட்டிவிடும், இந்தக் கோமாளி மீன்களை மட்டும் தனக்குள் குடியிருக்க விட்டுவிடும் என்று கண்ணாடிக்கடைக்காரர் விளக்கினார்.

"டிக்கெட் இல்லாமலா?" என்று பரிசோதகர் முகம் மாறாமல் கேட்டார்.

அது நகைச்சுவையா விசாரணையா என்று தெரியாமல் கண்ணாடிக்கடைக்காரர் பாதியாகச் சிரித்து வைத்தார். பரிசோதகர் கீழே போனார். மீன்களை ஒருவழியாகத் தொட்டியில் விட்டு, இடுப்பை நிமிர்த்துவதற்குள் மறுபடி மணி. இன்னும் சொட்டுகிறதாம்.

தொட்டியில் குறையில்லை என்றால் குழாயில்தான் இருக்க வேண்டும் என்று பம்பை நிறுத்தினார். பம்பு நின்றால் மேலே உள்ள தண்ணீர் கொஞ்சம், கீழே அலமாரிக்குள் இருக்கும் அடித்தொட்டிக்கு இறங்கும். இது தெரிந்தவர்தான். அடித்தொட்டியைத் தாராளமாக விளிம்பு வரை நிரப்பி வைத்ததுதான் நினைவில்லை. அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொண்டு கடல் கூடத்துக்குள் வந்தது.

பரிசோதகர் வேட்டியை மடித்துக் கட்டினார். பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். கீழே ஓடிப்போய்த் தன் வீட்டு வாளியையும் துடைப்பானையும் எடுத்து வந்து, ஒரு வார்த்தை திட்டாமல் கூடத்தைத் துடைக்க ஆரம்பித்தார். கண்ணாடிக்கடைக்காரர் கூச்சத்தோடு, பழகிய பிளம்பருக்கு போன் போட்டு உடனே வரச் சொன்னார்.

வாளியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வருகிறேன் என்று இறங்கிய பரிசோதகர், போன சுருக்கில் திரும்பினார். "இப்ப தலையணை மேல."

பிளம்பர் வரும்வரை பொறுத்திருக்கலாம். ஆனால் ஒரு பெரிய மனிதரின் தலையணை நனையும்போது எப்படிப் பொறுப்பது? மீன்களும் கடல் சாமந்தியும் மறுபடி வாளிக்கு வந்தன. தண்ணீர் மறுபடி அண்டாவுக்கு வந்தது. மீன் துள்ளி வெளியே விழுந்துவிடக் கூடாதென்று, பரிசோதகரை நாற்காலியில் உட்காரவைத்து, வாளியை மடியில் கொடுத்து, மேலே துண்டைப் போட்டுப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். காலியான தொட்டிக்குள் தலையை விட்டு மூலைகளுக்கெல்லாம் ஒட்டும் பசையைப் பிதுக்கினார். அப்போது அவருடைய மூக்குக்கண்ணாடி நழுவி அண்டாவில் விழுந்தது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிற மனிதர், பசைக் குழாயில் எழுதியிருந்ததைப் படிக்க முடியாமல் கையைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார். படிக்கச் சொல்லிப் பரிசோதகரிடம் நீட்டினார்.

"ஒரு நாள் முழுக்கக் காயணுமாம். அதுவரைக்கும் தண்ணி படக் கூடாதாம்."

கண்ணாடிக்கடைக்காரர் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பழைய தொட்டி இல்லை. புதுத் தொட்டியில் தண்ணீர் விட முடியாது. கடல் சாமந்தி வாளிக்குள் சுருங்கி, கசக்கிப் போட்ட கைக்குட்டைபோலக் கிடந்தது.

துண்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்த பரிசோதகர், "இது வாயைத் திறந்து என்னமோ சொல்லுதே," என்றார்.

"மூச்சு விடுது சார்."

"என்னைப் பாத்துத்தான் சொல்லுது."

அதற்கு மேல் கண்ணாடிக்கடைக்காரரால் தாங்க முடியவில்லை. கடையில் நாள் முழுக்க, அந்த எழுத்து தெரிகிறதா, இந்த எழுத்து தெரிகிறதா என்று ஊரோடு பேசுவார். வீட்டுக்குள் நுழைந்ததும் 'வந்துட்டேன்' என்று சொல்ல அவருக்கு இருந்தவை இந்த இரண்டு மீன்கள்தான். அவற்றையும் தன் ஆசைக்காக வாளியில் சாகவிடுவதா?

"மீன் கடைக்காரரை வரச் சொல்லி எல்லாத்தையும் குடுத்துடறேன் சார்," என்றார். "உங்களுக்கும் தொந்தரவு இல்ல."

பரிசோதகரின் முகம் தொங்கிப்போயிற்று. "எதுக்குக் குடுக்கணும்?"

"ஒழுகுதே."

"அவ்வளவா ஒண்ணும் ஒழுகல."

"தலையணை நனைஞ்சுதுன்னீங்க."

"தலையணையைத் திருப்பிப் போட்டுக்கலாம். கட்டிலைக்கூட நகர்த்திக்கலாம். வீட்டுல இருக்கிறது நான் ஒருத்தன். எந்த மூலையில படுத்தா என்ன?"

இவ்வளவு நல்ல மனிதரை இத்தனை நாள் தலையசைப்போடு அனுப்பினோமே என்று கண்ணாடிக்கடைக்காரருக்கு வெட்கமாகப் போயிற்று. இப்படிப்பட்டவர் மூலையில் ஒண்டிப் படுத்து, அவருக்கு மேல் தான் மீன் வளர்ப்பதா? தொட்டியை அனுப்பிவிடுவதென்று உறுதியே செய்துவிட்டார்.

அந்த நேரத்தில் பிளம்பர் வந்து சேர்ந்தார். குழாய்களைத் தட்டிப் பார்த்தார், தரையைத் தடவிப் பார்த்தார், கீழே எந்த இடத்தில் விழுகிறது என்று பார்த்தால்தான் பிடிபடும் என்றார்.

"பூட்டியிருக்கு," என்றார் பரிசோதகர் அவசரமாக.

"வரும்போது பாத்தேனே சார், கதவு திறந்துதான் கிடக்கு," என்று சொல்லிக்கொண்டே பிளம்பர் படியிறங்கிவிட்டார்.

பரிசோதகர் எழப்போனார். வாளி சாய்ந்தது. அசையாதீங்க, மீன் குதிச்சிடும் என்று கண்ணாடிக்கடைக்காரர் பதறினார். பரிசோதகர் மறுபடி உட்கார்ந்து, வாளியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, வாசலையே பார்த்தபடி இருந்தார். டிக்கெட் இல்லாமல் பிடிபட்ட பயணியின் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

கண்ணாடிக்கடைக்காரர் அண்டாவிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, மீன் கடைக்காரரின் எண்ணைத் தேடினார். தேடிக்கொண்டிருக்கும்போதே கைபேசி அடித்தது. பிளம்பர் கீழிருந்து பேசினார், குரலைத் தாழ்த்தி.

"சார், கட்டில் காஞ்சுதான் கிடக்கு. சீலிங் ஈரத்தை நாக்குல வெச்சுப் பாத்தேன், துளி உப்பு இல்ல. கதவுக்குப் பின்னாடி ஒட்டடைக் கம்பு நிக்குது, நுனியில ஈரத்துணி சுத்தியிருக்கு. நான் மேல வந்து ஒழுகுதுன்னு சொல்லட்டுமா, ஒழுகலன்னு சொல்லட்டுமா?"