கிட்டாரில் யார் பேரு?

"அது கெடக்கட்டும் தம்பி, இது யாரு பேரு?"

கீர்த்திகாவின் அப்பா காசிராஜன் அண்ணாச்சியின் இந்தக் கேள்வியை மணிகண்டராஜ் எதிர்பார்க்கவில்லை. சம்பளம் கேட்பார், சொந்த வீடா என்று கேட்பார், சிகரெட் உண்டா என்று கேட்பார் என்றெல்லாம் கீர்த்திகா ஒரு வாரமாகப் பாடம் நடத்தியிருந்தாள். கிட்டாரைக் கொண்டுவரச் சொன்னதும் அவள்தான். "அப்பாவுக்குப் பாட்டுன்னா உசிரு. ஒண்ணு வாசிச்சுக் காட்டுங்க, கரைஞ்சிருவாக" என்றாள். பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பாவத்துக்கு இவனும் சிவகாசியிலிருந்து விருதுநகர்வரை பஸ்ஸில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான்.

அண்ணாச்சி பாட்டைக் கேட்டார். தலையைக்கூட ஆட்டினார். முடிந்ததும் எழுந்து வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கிட்டாரின் கழுத்தில் விரலை வைத்தார். அங்கே வெள்ளையாக, வளைந்து நெளிந்து ஒரு கையெழுத்து இருந்தது.

"அது டேரன் ஹாக்வுட், அண்ணாச்சி. வெளிநாட்டுக்காரரு. கிட்டார்ல பெரிய ஆளு."

மாமா என்று கூப்பிடத்தான் நாக்கு துடித்தது. தேதி குறிக்கிறவரை அண்ணாச்சிதான் என்று கீர்த்திகா கறாராகச் சொல்லியிருந்தாள்.

"அவரு கிட்டாரு ஒங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

"அவரோடது இல்ல, என்னோடதுதான். அவரு பேருல கம்பெனிக்காரங்க செய்யிற மாடல் இது. சிக்னேச்சர் மாடல்னு சொல்லுவாக. சென்னையில இருந்து பார்சல்ல வரவழைச்சேன்."

"இத வாசிச்சா அவர மாதிரியே வாசிக்க வருமா?"

"அப்படிச் சொல்ல முடியாது."

"பேரு போடாத கிட்டார விடச் சத்தம் நல்லா கேக்குமோ?"

"அப்படியும் இல்ல..."

"பெறகு எதுக்குத் தம்பி அடுத்தவரு பேரச் சொமந்துக்கிட்டுத் திரியிறீக?"

அவர் கேலியாகக் கேட்டிருந்தால் சிரித்து மழுப்பிவிடலாம். நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார், அதுதான் வம்பு. அண்ணாச்சிக்கு பஜாரில் எவர்சில்வர் பாத்திரக்கடை. பேர் வெட்டுகிற மிசினை வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டார். ஊரில் பாதி அடுப்படிகளில் இருக்கிற பேரெல்லாம் அவர் கையால் வெட்டியவை. ஒரு பொருளில் ஒரு பேர் இருந்தால் அதற்கு ஒரு நியாயம் இருந்தாக வேண்டும் அவருக்கு.

அந்த நேரம் பார்த்து கீர்த்திகாவின் அம்மா பொன்னுத்தங்கம் காபி கொண்டுவந்தாள். டம்ளரை வாங்கிய மணிகண்டராஜ் அதன் விளிம்பைப் பார்த்தான். 'சோலைச்சாமி' என்று வெட்டியிருந்தது. அவனுக்குத் தைரியம் வந்துவிட்டது. வராமலே இருந்திருக்கலாம்.

"அண்ணாச்சி, இந்த டம்ளர்ல சோலைச்சாமின்னு இருக்கே? அப்ப இது இரவல் டம்ளரா?"

"அது எங்கப்பா பேரு. சீருக்குக் குடுத்தாக" என்றாள் பொன்னுத்தங்கம். "இந்த வீட்ல கரண்டி மொதக்கொண்டு எங்கப்பா பேருதான். இவுக பேரு கடை போர்டுல மட்டும்தான் இருக்கு."

அண்ணாச்சி மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு இவன் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கிட்டீகளா தம்பி? ஒண்ணு, சாமானுல வச்சிருக்கிறவன் பேரு இருக்கணும். இல்லைன்னா குடுத்தவுக பேரு இருக்கணும். மூணாவது ஒண்ணு கெடையாது. பேரு ஒங்களுது இல்ல. அப்ப அவரு ஒங்களுக்குக் குடுத்தாரா?"

"இல்ல."

"சரி, ஒண்ணு செய்வோம். இதுல கையெழுத்துப் போட்ட ஆளு என் முன்னால வந்து, ஆமா, நாந்தான் இவருக்குக் குடுத்தேன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். அந்த எடத்துலயே தேதி குறிச்சிருவோம். இரவல் சாமான வச்சுப் பெருமையடிக்கிற வீட்டுக்கு எம் பொண்ண அனுப்பமாட்டேன்."

எந்தக் கண்டத்தில் இருக்கிறாரோ அந்த ஹாக்வுட். அவரை விருதுநகர் பஜாருக்கு எந்த பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிவருவது?

"மறைச்சிருங்க" என்றாள் கீர்த்திகா போனில். "அடுத்த வாரம் கோயில் பங்குனிப் பொங்கல்ல நீங்க வாசிக்கிற கச்சேரிக்கு அப்பா வருவாக. பேரே தெரியலைன்னா பேச்சே இல்லைல்ல?"

நல்ல யோசனையாகத்தான் பட்டது. மணிகண்டராஜுக்கு வேலை ஓர் அச்சகத்தில், வெடிப்பெட்டி அட்டை வெட்டுகிற மிசினில். மாடியில் ஸ்டிக்கர் பிரிவு. அங்கே டிசைன் போடுகிற அனுப்பிரியாவிடம் போய் நின்றான்.

"ஒரு பேர மறைக்கணும் தங்கச்சி. நல்லா ஒட்டுற மாதிரி ஏதாச்சும் இருந்தா குடு."

"திருட்டுச் சாமானாண்ணே?" முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்ட அனுப்பிரியா, மீதி விழுந்து கிடந்த வெடி லேபிள் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு மயில்கள் எதிரெதிரே தோகை விரித்து நிற்கிற லேபிள். வீட்டுக்குக் கொண்டுபோய் ஒட்டினான், கையெழுத்தின் மேல் அச்சாகப் பொருந்தியது.

பொங்கல் மேடையில் ஒரு விசித்திரம் நடந்தது. வழக்கமாக இவன் தனியாக வாசிக்கிற இடம் வரும்போதெல்லாம் கண் அந்தக் கையெழுத்துக்குப் போகும். ஹாக்வுட் இந்த இடத்தில் என்ன செய்வார் என்று யோசிப்பான், அதையே அரைகுறையாகச் செய்வான். அன்றைக்குப் பார்த்தால் அங்கே மயில் நிற்கிறது. மயிலிடம் என்ன கேட்பது? விரல் போன போக்கில் வாசித்துவிட்டான். கூட்டம் விசிலடித்தது. 'இவ்வளவு நாள் இது எங்கே இருந்தது?' என்று அவனுக்கே ஆச்சரியமாகிவிட்டது.

கச்சேரி முடிந்து கீழே இறங்கினால் அண்ணாச்சி மனைவியோடு நிற்கிறார்.

"நல்லா வாசிச்சீக தம்பி. இன்னைக்குத்தான் மனசுல நின்னுச்சு." விரல் மறுபடியும் கிட்டாரின் கழுத்துக்கு வந்தது. "இந்த மயிலு யாரு?"

"சும்மா, அழகுக்கு ஒட்டினேன்."

"அழகுக்கா?" பொன்னுத்தங்கத்தின் குரல் மாறியது. "அச்சங்குளத்துல எந்தம்பி வெடிக் கம்பெனி வச்சிருக்கான்ல, அவன் ஆர்டரைப் பூராம் தட்டிப் பறிச்சது இந்த மயில் லேபிள்காரன்தான். அவனுக்கு விளம்பரம் பண்ணிட்டு எங்க வீட்டுக்கு மாப்பிள்ளையா வரப் போறீகளோ?"

அதுவரை இவன் பக்கம் இருந்தது அந்த அம்மாள் ஒருத்திதான். பதறிப்போய், "இந்தா, கிழிச்சிர்றேன் அத்தை!" என்று ஸ்டிக்கரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். அவசரத்தில் அத்தை என்று வந்துவிட்டது. மயிலும் வந்துவிட்டது. மயிலோடு சேர்ந்து கையெழுத்தில் முன்பாதியும் வந்துவிட்டது.

மணிகண்டராஜ் கையில் வந்த ஸ்டிக்கரைத் திருப்பிப் பார்த்தான். சிப்பியைச் செதுக்கி மரத்துக்குள் பதித்த கையெழுத்து என்றல்லவா விற்றவன் சொன்னான்? விருதுநகர் வெயிலுக்குச் சிப்பியும் இளகும்போல என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேரு பாதி அழிஞ்ச பாத்திரத்த நான் கடைப்படி ஏத்துறதில்ல தம்பி. அத யாரு அழிப்பாகன்னு எனக்குத் தெரியும்."

இரண்டே நாளில் கீர்த்திகா அழாத குறையாகப் போன் செய்தாள். "எங்கயாச்சும் கிட்டாரு காணாமப் போச்சான்னு அப்பா தெரிஞ்சவுகளையெல்லாம் விசாரிக்கிறாக. காரியாபட்டியில இருந்து வேற ஒரு மாப்பிள்ளை வருதாம். அவருக்கு ஒரு பாட்டும் தெரியாதாம். ஆனா பைக், ஹெல்மெட், சாப்பாட்டுக் கேரியர் எல்லாத்துலயும் அவரு பேருதானாம். அப்பாவுக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சிருக்கு. ஏதாச்சும் செய்யுங்க!"

மணிகண்டராஜ் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் அனுப்பிரியா மேசைக்கே ஓடினான். கிட்டார் வந்த அன்று கையெழுத்துத் தெரியப் பிடித்த போட்டோ போனில் இருந்தது. காரியாபட்டி மாப்பிள்ளைவரை கதை முழுவதையும் கொட்டிவிட்டு, "போனது போச்சு தங்கச்சி. இதப் பாத்து முன்பாதிய அப்படியே எழுதிக் குடு. புதுசா ஒட்டிக்கிறேன்" என்று கெஞ்சினான்.

அனுப்பிரியா கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறாளா, பாவப்படுகிறாளா என்று இவனுக்குப் புரியவில்லை.

"ஓகோ, இங்கதான் நடக்குதா?"

வாசலில் காசிராஜன் அண்ணாச்சி. கடைக்கு வருசாவருசம் தினசரிக் காலண்டர் அடிக்க ஆர்டர் கொடுப்பது இந்த அச்சகத்தில்தான் என்பதை கீர்த்திகா பாடம் நடத்தும்போது சொல்ல மறந்திருந்தாள்.

"பழைய பேர அழிச்சிட்டு, அதே பேரக் கள்ளத்தனமா எழுதிப் பாக்குறீகளாக்கும்? நல்லா வாசிக்கிற பையனாச்சேன்னு ரெண்டு நாளா மனசு கேக்காமத் தவிச்சேன் தம்பி. போதும். இனிமே கையெழுத்துப் போட்டவரே வந்து சொன்னாத்தான் ஆச்சு."

எல்லாம் முடிந்தது என்று மணிகண்டராஜ் கிட்டாரை உறைக்குள் போடப் போனான். இதற்குள் அனுப்பிரியா ஒரு வெள்ளைத் தாளை இழுத்து, போனில் இருந்த போட்டோவைத் திரும்பியும் பார்க்காமல், சரசரவென்று ஒரே இழுப்பில் கையெழுத்தை முழுசாக எழுதி முடித்தாள். அண்ணாச்சி தாளை வாங்கிக் கிட்டாரில் மிச்சமிருந்த பாதியோடு வைத்துப் பார்த்தார். ஒரு சுழி பிசகவில்லை. கோபத்தில் இருந்த மனிதருக்கு ஆர்வம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"ஏம்மா, மாதிரியப் பாக்காம எப்படிம்மா இம்புட்டு அச்சா எழுதின?"

"என் கையெழுத்த எழுத எனக்கு எதுக்கு அண்ணாச்சி மாதிரி? போன சீசன்ல சென்னையில இருந்து வந்த ஒரு கிட்டார் ஸ்டிக்கர் ஆர்டருக்கு, பேர மட்டும் குடுத்துக் கையெழுத்து மாதிரி வளைச்சு எழுதச் சொன்னாக, இதே மேசையில நாந்தான் போட்டேன். அதனால கேட்டுக்கோங்க, ஆமா, இந்தக் கிட்டார மணியண்ணனுக்கு நாந்தான் குடுத்தேன், நீங்க தேதியக் குறிங்க!"