கார்டு மகானின் அருள் எண்

மூன்று மாடி ஏறவேண்டும். லிஃப்ட் கிடையாது. ஆனாலும் காலை ஏழு மணிக்கே படிக்கட்டு நிரம்பிவிடும். எல்லாம் கார்டு மகானைப் பார்க்க வந்த கூட்டம். லோன் கிடைக்காதவர்கள், கிடைத்துக் கட்ட முடியாதவர்கள், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்ததைப் பொறுக்க முடியாதவர்கள், எல்லோருக்கும் ஒரே வரிசை.

“கார்டுல தோஷம். அதான் பேங்க் உங்களைத் திரும்பிப் பாக்கல” என்பது மகானின் கண்டுபிடிப்பு. வருமானம் போதாது, பழைய தவணை பாக்கி என்று பேங்க் சொன்ன காரணங்கள் யாருக்கும் பிடிக்கவில்லை. தோஷம் உடனே பிடித்துப்போயிற்று. அதில் நம் தப்பு ஒன்றும் இல்லை பாருங்கள்!

“உள்ள நுழைஞ்சதுமே உடம்பு சிலிர்க்குது. என்ன ஒரு குளுமை! அதான் அருள்” என்றார் ரிட்டையரான கணக்கு வாத்தியார். இரண்டாம் தடவையாக வந்திருந்தார். சுவரில் புத்தம்புது ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது அவர் கண்ணில் படவில்லை.

அன்று சலவைக்கடைக்காரரின் முறை. கடையின் மெஷின் செத்து ஒரு மாதம் ஆகிறது. கையால் துவைத்துத் துவைத்து மனைவிக்கு விரல் தோல் உரிந்துபோயிற்று. புது மெஷினுக்குப் பாதிப் பணம் பேங்கில் இருந்தது. மீதிக்குக் கேட்ட லோனை பேங்க் மூன்று தடவை மறுத்துவிட்டது. இருக்கிற பணமும் போனால் கடையை மூடவேண்டியதுதான்.

துணைக்கு மச்சினி வந்திருந்தாள். மருந்துக்கடையில் வேலை. அட்டையின் பொடி எழுத்தைப் படிக்காமல் ஒரு மாத்திரையைக்கூட யாருக்கும் தரமாட்டாள்.

மகான் கார்டை வாங்கிப் பட்டுத்துணி போர்த்திய பெட்டிக்குள் போட்டார். பெட்டிக்குப் பின்னால் திரை. திரைக்குப் பின்னால் மகானின் மச்சான் தியானத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். கீபோர்டு தட்டித் தியானம் செய்பவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மகான் கண்ணை மூடினார். கையை உயர்த்தினார். டிங்! சலவைக்கடைக்காரரின் சட்டைப்பையில் போன் ஒலித்தது. கூட்டம் வாயைப் பிளந்தது.

“அருள் எண் வந்திருக்கு பக்தா. ஆறு இலக்கம். எங்கிட்ட மட்டும் சொல்லு. அப்புறம் ஒம்பது நாள் விரதம். பேங்க்ல இருந்து எந்த மெசேஜ் வந்தாலும் திறந்து பாக்கக் கூடாது. பாத்தா தோஷம் ரெட்டிப்பாயிடும்.”

சலவைக்கடைக்காரர் போனை எடுத்தார். மச்சினி வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

“இருங்க மாமா. சாமி, கார்டுல தோஷம் இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஞானக்கண்ணும்மா. மூணு ஜென்மமும் தெரியும்.”

“அப்ப இந்த ஆறு நம்பரையும் நீங்களே பாத்துச் சொல்லிடுங்க. மூணு ஜென்மம் தெரியுற கண்ணுக்கு மூணு அடி தள்ளி இருக்கிற போன் தெரியாதா?”

மகான் திருதிருவென விழித்தார். “அது... பக்தன் வாயால வரணும். அதான் முறை.”

“சரி, நானே சொல்றேன்.” கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றிச் சொன்னாள். மகான் முகம் மலர்ந்தது. அந்த ஆறு எண்களையும் ராகம் போட்டுத் திரைப்பக்கம் திரும்பி ஓதினார். “தோஷம் விலகிடுச்சு! லோன் உனக்குத்தான் பக்தா!”

திரைக்குப் பின்னாலிருந்து தியானம் கத்தியது: “மச்சான், நம்பர் தப்பு! திரும்பக் கேளு, டைம் முடியப்போகுது!”

மச்சினி மெசேஜை உரக்கப் படித்தாள். “உங்கள் கார்டில் அறுபத்தைந்து இஞ்ச் டிவி வாங்குவதற்கான எண். இதை யாரிடமும் சொல்லாதீர்கள். சாமி, தோஷம் கழிக்க எதுக்கு டிவி? மாமா, பெட்டியில இருந்து உங்க கார்டை எடுங்க. அது பின்னால இருக்கிற பேங்க் நம்பருக்கு உடனே போன் போடுங்க. கார்டை பிளாக் பண்ணுங்க. மத்தவங்களும் உங்க மெசேஜை முழுசாப் படிங்க!”

ஏற்கெனவே ஒருமுறை வந்துபோய் விரதம் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே நொடியில் விரதம் கலைந்தது. தையல்காரம்மாவின் கார்டில் ஃபிரிட்ஜ். டாக்சி டிரைவர் கார்டில் மெத்தை. கணக்கு வாத்தியார் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

“ஐயோ, இது என் ஏ.சி.!”

மகான் கம்பி நீட்டப் பார்த்தார். மூன்று மாடி, லிஃப்ட் இல்லை, படிக்கட்டு முழுக்கப் பக்தர்கள். போலீஸ் வரும்வரை அவர் எங்கும் போகவில்லை. சலவைக்கடைக்காரர் கார்டை பிளாக் செய்தார். பணம் தப்பியது. நிம்மதியில் அழுதே விட்டார் மனுஷன்.

இறங்கும்போது வாத்தியார் மச்சினியின் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: “ஏம்மா, மார்க்கெட் பக்கம் இன்னொருத்தர் இருக்காராம். அவர் நெஜமானவராமே?”

“அவருகிட்டயும் ஆறு நம்பர் கேட்டுப் பாருங்க சார்.”

வாத்தியாருக்கு மட்டுமில்லை, உங்களுக்கும்தான் சொல்கிறேன். உங்கள் போனில் இருப்பதை உங்கள் வாயைப் பிடுங்கித் தெரிந்துகொள்கிறவர், உங்கள் விதியை எங்கே போய்ப் படித்தார்? கேளுங்கள். கேட்பதற்குக் கார்டு தேவையில்லை.